பூட்டுக்கடைக்காரரின் டெபிட் கார்டு

பூட்டுக்கடைக்காரருக்குச் சந்தேகம் தொழிலோடு வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்பது அவர் மனைவிக்கே தெரியாது. ஏடிஎம்மில் பின் நம்பரை அழுத்தும்போது இடது கையால் மறைப்பார். அது போதாதென்று முதுகையும் வளைத்துக் குனிந்துகொள்வார். மனுஷனுக்கு வயிற்று வலியோ என்று பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் யாராவது போன் செய்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். ஸ்பீக்கரில் போட்டு, கடைக்கு வந்தவர்கள் காதில் விழும்படி வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டம். போன் அடித்தது.

"சார், பேங்க்ல இருந்து பேசறேன். இப்ப உங்க கார்டுல ரெண்டு செல்போன் வாங்கினீங்களா?"

"ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? பூட்டு விக்கிறவன் வீட்டுலயே கன்னம் வைக்கப் பாக்கறியா?"

"பின் நம்பர் எதுவும் சொல்ல வேண்டாம் சார். வாங்கினீங்களா இல்லையான்னு மட்டும்..."

"போனை வைம்மா! உழைச்சுச் சாப்பிடற வழியப் பாரு!"

கடையில் ஒரே சிரிப்பு. ஒருவர் கைகூடத் தட்டினார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பின் நம்பரே வேணாம்னு சொல்ற திருடியை இப்பத்தான் பாக்கறேன். அந்தக் கார்டை இப்படிக் குடுங்க."

கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணுக்கு அவளே கூப்பிட்டாள். வந்தது நிஜமாகவே பேங்க் போன்தான். அதற்குள் செல்போன்களோடு ஒரு டிவியும் சேர்ந்திருந்தது; எல்லாம் ஓடிபி கேட்காத ஏதோ வெளிநாட்டு இணையக் கடையில். கார்டை உடனே முடக்கச் சொல்லிவிட்டு, போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

"கார்டு விவரத்தை எங்கேயாவது குடுத்தீங்களா சார்?" என்று கேட்டார் பேங்க் ஊழியர்.

பூட்டுக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் நெட்ல ஒரு பர்ஸ் வாங்கினேன்..."

"என்ன பர்ஸ்?" இது மனைவி.

"கார்டுல இருக்கறத எவனும் திருட முடியாத பர்ஸாம். பாதி விலைன்னு போட்டிருந்தான்."

ஊர் பேர் தெரியாத அந்தக் கடைக்குக் கார்டு எண், தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் எல்லாவற்றையும் அவரே அடித்துக் கொடுத்திருந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்துவிடாமல் இடது கையால் மறைத்துக்கொண்டுதான்.

புகார் கொடுத்து, பேங்குக்கு நடையாய் நடந்து, ஒருவழியாகப் பணம் திரும்பி வந்தது. பர்ஸுக்குக் கட்டியது மட்டும் வரவில்லை. "அது நீங்களா விரும்பி வாங்கினது சார்" என்று சொல்லிவிட்டார்கள்.

புதுக் கார்டும் வந்தது. மனிதர் அடியோடு மாறிப்போனார். அடுத்த தடவை பேங்க் பேரைச் சொல்லிப் போன் வந்தபோது, "கோவிச்சுக்காதம்மா, நீ வை. நானே கூப்பிடறேன்" என்று பதமாகச் சொன்னார். கார்டின் பின்னால் இருந்த எண்ணை அழுத்தினார். காதில் வயலின் ஓடிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்களைக் கையமர்த்திக் காக்கவைத்தார். கடைசியில் ஒரு குரல் கிடைத்தது.

"ஆமா சார், நாங்கதான் கூப்பிட்டோம். உங்களுக்கு லோன் ஏதாவது வேணுமா?"

அவர் வாயைத் திறந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு, வட்டி எவ்வளவு என்று மரியாதையாக விசாரித்தார்.