அலமாரி நின்ற இடம்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர்கள் வகுப்புத் தோழிகள். வாயை மூடத் தெரியாதவள் என்று கேலிக்கு வைத்த பெயர், போகப் போக அதுவே ராசியாகிவிட்டது. கடல் கடந்த பள்ளி ஒன்றோடு சேர்ந்து அவள் பள்ளி ‘உலகக் குடிமக்கள் சேவைத் திட்டம்’ தொடங்கியபோது, அவர்கள் பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அவர்களுக்கும் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த வெளிநாட்டு மொழியில் பாடத்தை ஒப்பிக்கப் பலர் இருந்தார்கள். மாணவர்களில் சண்டை போடும் அளவுக்குத் தெரிந்தவள் ரேடியோ ஒருத்திதான்.

விடுமுறையில் அந்த நாட்டுக்குப் போகும் குழுவில் அவளுக்கு இலவசமாக ஒரு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு வீட்டில் பணம் கட்டினார்கள், அவளுக்கு அவள் நாக்கு கட்டியது. அப்படித்தான் அவள் நம்பினாள், அப்படித்தான் அம்மாவும் சொன்னாள். ‘நீ நல்லா பேசறேன்னுதான் உன்ன எடுத்திருக்காங்க’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ரேடியோ தெருவில் தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தாள். பெட்டி கூட இரவல் வாங்கியாகிவிட்டது.

பயணத்துக்கு முன்னால் இரண்டு பள்ளிகளும் பெரிய திரையில் சந்தித்துக்கொள்ள ஏற்பாடு. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். அம்மா வந்திருந்தாள். அம்மாவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரிப்பது, பித்தான் வைப்பது. ஊரில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். ஊருக்கே தைத்தவள், அன்றைக்குத்தான் தனக்கென்று தைத்த புது உடுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் இந்தப் பள்ளியின் முறை. ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ததையும், முதியோர் இல்லத்தில் கதை வாசித்ததையும் மாணவர்கள் சொல்ல, ரேடியோ மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினாள். முதியோர் இல்லத்தில் பாதிப் பேர் கதை தொடங்குவதற்கு முன்பே தூங்கிவிட்டார்கள் என்று யாரும் எழுதித் தராததையும் சேர்த்துச் சொன்னாள். திரைக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா பக்கத்து இருக்கைக்காரியிடம் தன் மகள் என்று சொல்வது மேடையிலிருந்தே தெரிந்தது.

அடுத்து அவர்கள் முறை. கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். ரேடியோவின் வயதுதான் இருக்கும், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். அவள் சொல்லச் சொல்ல ரேடியோ தமிழில் சொன்னாள்.

“எங்க சேவைக்கு நாங்க ஒரு குடும்பத்த எடுத்துக்கிட்டோம். அவங்க உங்க ஊர்லதான் இருக்காங்க. படத்த உங்க டீச்சர் அனுப்பினாங்க. பேரு சொல்லல, முகமும் காட்டல. அது அவங்க மரியாதைக்காக.”

திரையில் படம் வந்தது. ஒரு அறை. தரையில் துணிக் குவியல். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சுவர் ஓரமாகத் தரையில் திறந்து கிடக்கும் ஒரு பாடப்புத்தகம்.

அந்தப் புத்தகத்தின் கிழிந்த முனையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. ஒட்டியவள் ரேடியோ. அந்த முதுகில் அவள் குழந்தையாக இருந்தபோது உப்புமூட்டை ஏறியிருக்கிறாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கண்ணாடிப் பெண் தொடர்ந்து பேசினாள். அரங்கம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் ரேடியோ சொன்னாள், தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல அவளுக்கே கேட்டது.

“இந்த வீட்ல ஒரு அலமாரி கூட இல்ல. துணியெல்லாம் தரையில கிடக்குது. இங்க ஒரு பொண்ணு மேசை இல்லாம தரையில உக்காந்து படிக்குது.”

அரங்கத்தில் உச்சுக் கொட்டினார்கள். குவியலின் மேலே கிடந்த நீலக் கோட்டு தலைமையாசிரியருடையது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், உலகத்தில் நீலக் கோட்டுக்கா பஞ்சம் என்று முடிவு செய்து அவரும் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்.

ரேடியோ படத்தையே பார்த்தாள். வீட்டில் அலமாரி உண்டு. கண்ணாடி பதித்த இரும்பு அலமாரி. சுவரில் அது நின்ற இடம் மட்டும் வெளுத்து, நீள்சதுரமாகத் தெரிந்தது. அவளுடைய மேசையும் உண்டு, அதையும் காணோம். தையல் மெஷினையும் காணோம். ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து திரும்பியபோது அலமாரி கோணலாக நின்றதும், அதன் கதவு கட்டிலில் இடித்ததும் நினைவுக்கு வந்தது. பெருக்குவதற்காக நகர்த்தினேன் என்றாள் அம்மா. அந்த அலமாரியை ஒருத்தியால் நகர்த்த முடியாது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே அப்பாவும் அவர் நண்பரும் மூச்சு வாங்கினார்கள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அரங்கமே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரேடியோ மேடையோரம் நின்ற டீச்சரைப் பார்த்தாள். சேவைத் திட்டத்தை நடத்துகிறவர், இலவச இடத்துக்கு ஆள் எடுத்தவர். அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் நாக்கு கட்டியதாக நினைத்த பணத்தை அந்த அலமாரி கட்டியிருக்கிறது.

கண்ணாடிப் பெண் இப்போது காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேசினாள். அந்த வீட்டுக்கு அலமாரியும் மேசையும் வாங்க எல்லோரும் ஏதாவது கொடுக்கிறார்களாம். அவள் தன் சைக்கிளை நாளை விற்கப் போகிறாளாம், இனி பள்ளிக்கு நடைதானாம், பரவாயில்லையாம். அந்தக் குடும்பத்தை உங்களில் யாருக்காவது தெரியுமா, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

இதையும் ரேடியோ தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் அம்மா நிமிர்ந்தாள். தலையை மெதுவாக, யாருக்கும் தெரியாமல், இல்லை என்று ஆட்டினாள். உண்மையைச் சொன்னால் ஊரே அம்மாவை ஏமாற்றுக்காரி என்னும். சொல்லாவிட்டால் அங்கே ஒருத்தி சைக்கிளை விற்றுவிட்டு நடப்பாள். சொன்னால் பயணமும் போச்சு, இரவல் பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

ரேடியோ திரையைப் பார்த்து அந்த மொழியில், பாடம் ஒப்பிப்பவர்களுக்குப் பிடிபடாத வேகத்தில் பேசினாள். அது தன் வீடு என்றாள். அலமாரி இருக்கிறது, மேசை இருக்கிறது, படத்துக்காக அவற்றை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்றாள். துணிகள் தைக்க வந்தவை என்றாள். சைக்கிளை விற்காதே என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அரங்கத்துப் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் குடும்பம் நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்.”

அரங்கம் கைதட்டியது. இரண்டு மொழியும் தெரிந்த டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. திரைக்குள் யாரும் அசையவில்லை. கண்ணாடிப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். அவர்களுடைய ஆசிரியர் எழுந்து வந்து எதையோ அழுத்தினார், திரை கறுத்தது. நெட் போயிடுச்சு என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

டீச்சர் கிட்டே வந்தார். கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள், உனக்கும் இடம் தருவார்கள், இதையெல்லாம் யாருக்காகச் செய்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இனி அந்த இடத்தை மறந்துவிடு என்றார்.

வெளியே படிக்கட்டில் அம்மா காத்திருந்தாள். டீ கூட வாங்கியிருக்கவில்லை.

“அங்க என்ன சொன்ன? எங்ககிட்ட சொன்னது இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது.”

ரேடியோ சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். புது உடுப்பில் மண் ஒட்டியதைத் தட்டிவிடக்கூட இல்லை.

“அலமாரிய ஒரு பக்கம் உன் டீச்சர் பிடிச்சாங்க, ஒரு பக்கம் நான் பிடிச்சேன். நீ வர்றதுக்குள்ள திருப்பி வெச்சிடணுமேன்னுதான் பயம். வேற எதுவும் அப்ப தோணல.”

“நான் நல்லா பேசறேன்னு எடுத்தாங்கன்னு சொன்னியேம்மா.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

“நல்லாத்தான் பேசற” என்றாள். “இன்னைக்குத்தான் நேர்ல கேட்டேன்.”