கிணற்றுக்கு மூன்று கட்டளை

அறையில் இருந்தவர்கள்: சங்கரலிங்கம், சர்வே பார்ட்டியின் தலைவர். ஜெபமணி, போடிக்காரன், செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் பெட்டிக்குப் பொறுப்பானவன். பாண்டியம்மாள், இந்த அறைக்கும் மலையடியில் இருந்த கிணற்றுக்கும் சொந்தக்காரி. நான், ஆதித்தன், கம்ப்யூட்டரில் தட்டுகிறவன். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர். அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கத்தான் வேண்டும். காலையிலிருந்து எங்கள் நான்கு பேரையும் அதுதான் ஆட்டிவைத்தது.

எண்பத்தாறாம் வருஷம், கோம்பை. பாண்டியம்மாள் வெங்காயம் போட்டு வைக்கிற அறை. கம்ப்யூட்டருக்காகக் காலி செய்து கொடுத்திருந்தாள். வாசம் மட்டும் போகவில்லை.

விஷயம் இதுதான். கிணற்றுக்கு மேற்கே இருந்த காட்டு எல்லைக்கல் எப்போதோ காணாமல் போய்விட்டது. பழைய வரைபடத்தை வைத்துக் கோடு போட்டால் கிணறு காட்டுக்குள் விழும். கிணறு போனால் வெங்காயமும் வாழையும் போகும். பாண்டியம்மாள் மனுவுக்கு மேல் மனு போட்டதில், செயற்கைக்கோளை வைத்து அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலை கல் ஊன்ற வனத்துறை ரேஞ்சர் வருகிறார். சங்கரலிங்கத்தின் கையெழுத்தோடு கிணற்றின் இருப்பிடம் அவர் கையில் இருந்தால் அதன்படி கோடு. இல்லையென்றால் பழைய கோடு.

இருப்பிடம் ஒரு கேசட் நாடாவில் இருந்தது. அதை வெளியே எடுப்பதுதான் என் வேலை.

கிணற்று மோட்டார் ரூமின் கூரையில் ஆன்டெனாவை நிறுத்தியிருந்தோம். கீழே ரிசீவர். மேலே செயற்கைக்கோள் கடந்து போகும்போதெல்லாம் அது சிக்னலை கேசட்டில் பதிந்துகொள்ளும். ஒரு கடப்புக்கு ஒரு பாஸ் என்று பெயர். போன வெள்ளிக்கிழமையிலிருந்து பதிந்த நாடா என் கையில் இருந்தது. மூன்று கட்டளைகள். ஒன்று நாடாவைப் படிக்கும். ஒன்று குப்பையைக் கழிக்கும். மூன்றாவது இடத்தைக் கணக்குப் போடும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அவ்வளவுதான். ஓர் எழுத்து பிசகினால், ஓர் இடைவெளி விட்டுப்போனால், தட்டியதையே திருப்பிக் காட்டிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். என்ன தப்பு என்று சொல்லாது. இதற்கு நான் முன்பு வேலை பார்த்த மில்லின் நைட் ஷிப்ட் மேஸ்திரியே தேவலை. அவன் திட்டும்போது காரணத்தையும் சேர்த்துத் திட்டுவான்.

"என்ன தம்பி சொல்லுது?" என்றாள் பாண்டியம்மாள்.

"கேள்விக்குறி போடுதுக்கா."

"கேள்வி கேக்கவா இதை வாங்கிக் குடுத்தாக? பதில் சொல்லத்தான?"

பிழையைத் திருத்திக் கேள்விக்குறியைத் தாண்டினேன். முதல் கட்டளை ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது அரை மணி நேரம் முனகிவிட்டு, தகுதியான பாஸ் ஒன்றுகூட இல்லை என்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட பாஸ்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே பதில். நாடாவை முதலிலிருந்து படிக்க வைத்தேன். அதே பதில். நடுவில் ஒரு தடவை கரண்ட் போய், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினேன். அதே பதில்.

"லண்டன் நேரத்துக்கு மாத்துனியா?" என்றார் சங்கரலிங்கம். பத்தாவது முறையாகக் கேட்டார்.

"மாத்திட்டேன் சார். அஞ்சரை மணி கழிச்சுத்தான் குடுத்திருக்கேன்."

"லண்டன் நேரம் எதுக்கு?" என்றாள் பாண்டியம்மாள். "கெணறு இங்கனதான இருக்கு?"

செயற்கைக்கோள் கணக்கெல்லாம் லண்டன் நேரத்தில்தான். மூன்றாவது கட்டளையின் வாலில் பதிவு தொடங்கிய நேரத்தை நாம்தான் தட்ட வேண்டும். நாடாவில் கடிகாரம் கிடையாது. பெட்டியை முடுக்கியதிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். தொடங்கிய நேரத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு நொடியிலும் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு நாடாவோடு ஒத்துப்பார்க்கும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் என்று சங்கரலிங்கம் சொல்லியிருந்தார். அதைத்தான் கொடுத்திருந்தேன்.

ஜெபமணி சனிக்கிழமையே போடிக்குப் போய், ஞாயிறு ஜெபத்தை முடித்துவிட்டு இன்றுதான் வந்திருந்தான். மூலையில் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அது சங்கரலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம் இவனாலதான். ராகு காலத்துல போய்ப் பெட்டியத் தொட்டிருக்கான். அப்புறம் எப்படி வெளங்கும்?"

"எங்களுக்கு ஏது சார் ராகு காலம்?"

"ஒனக்கு இல்லாட்டிப் பெட்டிக்கு உண்டுல்ல? ஓடிக்கிட்டு இருந்ததப் போய் எதுக்குடா தொட்ட?"

ஜெபமணி கடலையைக் கீழே வைத்தான். "ஓடிக்கிட்டு இருந்துச்சா? நான் போட்டப்புறம்தான சார் ஓடுச்சு!"

நான் நாற்காலியைத் திருப்பினேன். "எப்பப் போட்ட?"

"கரண்டு வந்ததும் போட்டேன். பத்து அம்பது. பெட்டியோட பேட்டரிதான் முந்தின நாளே செத்துப்போச்சே."

"ஆமா," என்றாள் பாண்டியம்மாள். "வெள்ளிக்கெழம காலையில கரண்டே இல்ல. நானும் மோட்டாருக்காக அங்கனதான் காத்துக்கெடந்தேன்."

சங்கரலிங்கத்தைப் பார்த்தேன். "சார், ஒன்பதேகாலுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஆரம்பிச்சேன்."

"எப்படி?"

"எப்படின்னா? சூடம் காட்டி, தேங்கா ஒடச்சு, சுவிச்சைத் தட்டினேன். பத்தரைக்கு ராகு காலம் வருது. அதுக்குள்ள ஆரம்பிக்க வேண்டாமா?"

"கரண்டு இல்லாமலா?"

"கரண்டு எப்ப வேணும்னாலும் வரட்டும் தம்பி. ஆரம்பம் ஆரம்பம்தான்."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நல்ல நேரத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, வீட்டை ஆறு மாதம் கழித்துக் கட்டினாலும் அன்றைக்கே தொடங்கியதாகத்தான் நம் ஊரில் கணக்கு. அவரைப் பொறுத்தவரை பெட்டி ஒன்பதேகாலுக்கே ஓடத் தொடங்கிவிட்டது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களுக்குத்தான் இது தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவை பூமியையே கிட்டத்தட்ட ஒரு சுற்று அடித்துவிட்டு வேறெங்கோ போயிருந்தன. நாள் முழுக்க நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியது ஒரு சூடத்துக்காக.

மூன்றாவது கட்டளையை மறுபடி தட்டினேன். நேரத்தை மட்டும் மாற்றினேன். பாஸ்கள் ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டு வரிசையாக இறங்கின.

"வருதா?" என்றாள் பாண்டியம்மாள்.

"வருதுக்கா. கடைசிக் கணக்குக்கு அரை மணி ஆகும். அப்புறம் சார் கையெழுத்துப் போடணும்."

"கெணறு உள்ளயா வெளியவா?"

"இன்னும் தெரியாது."

"எதுவோ, அளந்து சொல்லட்டும். அளக்காம யாரும் எடுக்கக் கூடாது."

சங்கரலிங்கம் திரையைப் பார்க்கவே இல்லை. "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

"ஏன் சார்?"

"ஆபீசுக்கு ஒன்பதேகால்னு எழுதி அனுப்பியாச்சு. இப்பப் பத்து அம்பதுன்னா, அதுவரைக்கும் என்ன புடுங்கினேன்னு கேப்பாக. சூடம் காட்டினேன்னு சொல்லவா? மிஷின் ரிப்பேர்னு எழுதிட்டு அஞ்சு மணி பஸ்சுக்குக் கெளம்புறேன். அடுத்த மாசம் வந்து மறுபடி அளப்போம்."

"அடுத்த மாசம் அளந்து என்ன பண்ண?" என்றேன். "நாளைக்கே கல்லு ஊனிருவாக."

"அத நான் என்ன செய்ய முடியும்?"

"கையெழுத்துப் போடலாம்ல?" என்றான் ஜெபமணி.

"நீ கடலையத் தின்னு."

சங்கரலிங்கம் முற்றத்துக்குப் போய் முகம் கழுவினார். செருப்பை மாட்டினார். ஜெபமணியும் பின்னாலேயே போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தான். பாண்டியம்மாள் கெஞ்சவில்லை. அறை வாசற்படியில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். நான் திரையை விட்டு எழவில்லை. எழுந்தால் கரண்ட் போய்விடும் போல ஒரு பயம்.

"சாரு, பையை உள்ளயே விட்டுட்டுப் போறீகளே," என்றாள்.

"ஆமால்ல," என்று செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். பை கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கிடந்தது. எடுக்கக் குனிந்தார்.

"ஆதித்தன் தம்பி, கையெழுத்துப் போட்டு முடிச்சதும் கூப்பிடுங்க. இங்கனதான் இருக்கேன்," என்றாள் பாண்டியம்மாள்.

அவர் பையோடு நிமிர்வதற்குள் அறைக் கதவின் இரண்டு பக்கமும் சேர்ந்தன. வெளியே சங்கிலி விழுந்தது, பிறகு பூட்டு.