பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன்

தேவாரத்துக்குக் கிழக்கே ஊத்துப்பட்டியில் பள்ளிக்கூடச் செய்தி வீடு போய்ச் சேர ஒரே வழிதான் இருந்தது. சாயங்காலம் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதற்கு முன்னால் செலின் டீச்சர் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிறுத்தி மறுநாள் சங்கதியைச் சொல்வாள். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். பிறகு ஓட்டம். குளித்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினால், தலையில் விளக்கெண்ணெய் வழிய வந்து பலகையெல்லாம் பிசுபிசுப்பாக்கும். நாளைக்கு அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று சொன்னால் மறுநாள் ஒரு பிள்ளைகூட வராது. டீச்சரும் அம்மை குத்துகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் பாதி ஊர்தான் சேர்த்தி. மேற்குத் தெருவுக்குச் செய்தியே போகாது. அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்ததே இல்லை.

முப்பத்தெட்டாம் வருஷம், தைப்பொங்கல் முடிந்த கையோடு டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். காலியாகக் கிடந்த மணைகளைப் பார்த்தார். மேற்குப் பக்கக் கூரையின் ஓட்டை வழியே ஆகாயத்தையும் பார்த்தார். நல்ல மனுஷர்தான், அதனால் திட்டவில்லை.

"பள்ளிக்கூடம் ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாசியில் ஆண்டு விழா வையுங்கள். தாய் தகப்பன்மாரைக் கூப்பிடுங்கள். இந்த ஊரின் ஆட்டம், பாட்டு, சிலம்பம், எது இருக்கிறதோ அதைப் பிள்ளைகள் செய்து காட்டட்டும். நானும் வருகிறேன்" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்றைக்கும் பாதி ஊர்தான் வந்ததென்றால், இதைத் தேவாரத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடச் சொல்லி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை அம்மா."

சேர்ப்பது என்றால் மூடுவது. தேவாரத்துக்குப் போக ஓடையைத் தாண்டவேண்டும், ஆள் உயரச் சோளக்காட்டுக்குள் நடக்கவேண்டும். பையன்கள் போவார்கள். பெண்பிள்ளைகளை யாரும் விடமாட்டார்கள். பின்னக் கணக்கில் டீச்சரையே திருத்துகிற ஜக்கம்மா, மறுநாளே ஆடு மேய்க்கப் போய்விடுவாள். செலினுக்கு அதை நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. அழுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எரிச்சல் வந்தால் வேகமாக நடப்பாள். நடந்து மாயக்காள் வீட்டுத் தொழுவத்தில் போய் நின்றாள். அந்தம்மாதான் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவள். கல்யாணத்தில் அப்பன் அவளுக்கு மஞ்சக்காணிச் சீராக எழுதிக் கொடுத்த நிலம் அது. மேற்குத் தெருவே யார் பேச்சுக்குக் கட்டுப்படுமோ அந்த ஒச்சாண்டி, அவள் உடன்பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"அக்கா, உங்க அண்ணன் பள்ளிக்கூடத்து மேல என்னதான் கோவமா இருக்காரு?"

மாயக்காள் மாட்டுக்குச் சோளத்தட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடத்து மேல என்ன கோவம்? எம் மேலதான். தெறப்புக்கு ஊருக்கெல்லாம் வெத்தலபாக்கு வச்சேன். அவனுக்கு மட்டும் ஒரு பயகிட்டச் சொல்லிவிட்டேன். வீட்டு ஆளுதானேன்னு நெனச்சேன். வீட்டு ஆளுக்குத்தான் மொதத் தாம்பூலம்னு அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டான். தெருவே திருப்பிக்கிருச்சு."

"இப்பப் போய் வையுங்க."

"நானா? அவன் வாசல்லயா? அதுக்கு இந்த மாட்டுக்குக் கொம்புல பூ பூக்கும்." அடுத்த கட்டை உதறினாள். "எனக்கோ புள்ள இல்ல. ஒரு புள்ள இருந்து, ஒரு காதுகுத்து, சடங்குன்னு வந்தா, மாமன்னு அவன் வந்துதானே ஆகணும்? அந்தக் கொடுப்பினையும் இல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தப் பெத்துப் போட்டதுதான் மிச்சம்."

செலின் கீழே சிந்திய தட்டை ஒன்றை எடுத்து மாட்டுக்கு நீட்டினாள்.

"பெத்தது நீங்கன்னா, அவரு அதுக்குத் தாய்மாமன் இல்லியா அக்கா?"

மாயக்காள் கையில் கட்டோடு நின்றுவிட்டாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மாடு மிரண்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேரும் மேற்குத் தெருவுக்குப் போனார்கள். தாம்பூலத் தட்டு செலின் கையில். ஒச்சாண்டி வீட்டு வாசலுக்கு நாலு முழம் முன்னாலேயே மாயக்காள் நின்று, எதிர்த்த வீட்டுக் கூரையில் ஏதோ வேலை இருப்பதுபோல அதைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒச்சாண்டி ஏர்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வேதக்கார டீச்சரு வெத்தலபாக்கோட வந்திருக்காக. என்ன விசேசம்?"

"எங்க ஊர்லயும் மாமன் இல்லாம ஒண்ணும் நடக்காதுய்யா. உங்க தங்கச்சி வீட்டு விசேசத்துக்குக் கூப்பிட வந்தோம்."

"எந் தங்கச்சிக்குத்தான் புள்ளகுட்டி இல்லையே."

"டீச்சர்" என்றாள் மாயக்காள், கூரையைப் பார்த்தபடி, "இருக்குன்னு சொல்லுங்க. பன்னெண்டு வருசமா வேப்பமரத்தடியில நிக்கிதுன்னு சொல்லுங்க. மாமன் கண்ணுக்குத்தான் தெரியலயாம்."

உளி நின்றது. "டீச்சர், அது ஆணா பொண்ணான்னு கேளுங்க."

மாயக்காள் செலினைப் பார்த்தாள். ஆண் என்றால் ஒரு வேட்டி துண்டோடு மாமன் தப்பித்துவிடுவார். செலின் யோசிக்கவே இல்லை.

"பொண்ணுய்யா. பன்னெண்டு முடியுது."

ஒச்சாண்டி மறுபடி செதுக்கினார். "பாப்பம். தட்ட அங்கன வச்சிட்டுப் போங்க."

எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அழைப்பை ஏற்கவில்லை என்று அர்த்தம். மாயக்காள் முகம் சுண்டிப் போய்த் திரும்பி நடந்தாள். தெரு முனையில் செலின் திரும்பிப் பார்த்தாள். ஒச்சாண்டி எழுந்து, வெயில் விழுந்த தட்டை நிழலுக்கு நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெற்றிலை வாடிவிடும் என்பதற்காகவும் இருக்கலாம்.

விழா நாள் வந்தது. டிப்டி இன்ஸ்பெக்டர் தேவாரம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து கூண்டு வண்டியிலுமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பிள்ளைகள் அவருக்கு மாலை போட்டார்கள். கிழக்குத் தெரு முழுக்க ஆஜர். பெண்பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். தவசி என்ற பையன் முளைப்பாரிப் பாட்டை ஆரம்பித்து, நடுவில் மறந்து, அவன் அம்மா கூட்டத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, இரண்டு பேருமாகப் பாடி முடித்தார்கள். அடுத்தது சிலம்பம். சிலம்பம் மேற்குத் தெருச் சொத்து. அதனால் அடுத்தது ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காலி மணைகளைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போது கொட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் உறுமியும் மேளமும். பின்னால் வேட்டியும் தலைப்பாகையுமாக ஒச்சாண்டி. அவருக்குப் பின்னால் மேற்குத் தெருப் பிள்ளைகள் அத்தனையும், தலைக்கு ஒரு சீர்த்தட்டு: வாழைப்பழம், தேங்காய், வெல்லம், பூ, மஞ்சள். அதற்கும் பின்னால் மாலை போட்ட ஒரு கிடாய், கடைசியில் வண்டி நிறையப் பச்சைத் தென்னங்கீற்று.

"இது யார் வீட்டுச் சடங்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பள்ளிக்கூடத்துக்கு, சார்" என்றாள் செலின். "தாய்மாமன் சீர் கொண்டுவாராக."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டார்.

ஒச்சாண்டி மாலையை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். கழுத்து எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தண்டவாளத் துண்டில் மாட்டினார். பிறகு கூரையைப் பார்த்தார். வயசுக்கு வந்த பெண்ணுக்கு மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டவேண்டும் என்பது முறை. "ஏலே, ஏறுங்கடா" என்றார். நாலு இளவட்டங்கள் மேலே ஏறி, மேற்குப் பக்கத்து ஓட்டை மறையக் கீற்று வேய ஆரம்பித்தார்கள். ஜில்லா போர்டுக்கு எழுதி எழுதிச் செலினின் கை ஓய்ந்துபோன வேலை அது.

கிழக்குத் தெருச் சின்னக்கருப்புக்குப் பொறுக்கவில்லை. "பள்ளிக்கூடம் ஊருக்குப் பொதுவில்ல? இவுக மட்டும் என்ன தனியா உரிமை கொண்டாடுறாக?"

"பொதுதான்" என்றார் ஒச்சாண்டி. "யாரு இல்லேன்னா? ஆனா மாமன் ஒருத்தன்தான்."

கிடாய் இதற்குள் இன்ஸ்பெக்டர் கழுத்து மாலையின் ஒரு முனையைத் தின்று முடித்திருந்தது.

ஒச்சாண்டி ஒரு சேலையைத் தட்டில் வைத்து நீட்டினார், செலினிடம். "டீச்சர், பொண்ணப் பெத்தவளுக்கும் ஒண்ணு உண்டு. வாங்கிக்கிறச் சொல்லுங்க."

"கரைய இன்னும் கொஞ்சம் அகலமா எடுத்திருக்கலாம்னு சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மாயக்காள் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒச்சாண்டி கூரையைப் பார்த்து, கீற்று சரியில்லை என்று இளவட்டங்களைத் திட்டினார்.

சிலம்பமும் நடந்தது. ஒச்சாண்டியின் பேரன் சுருளியாண்டி சுற்றிய கம்பில் தண்ணீர்ப் பானை ஒன்று போயிற்று. எல்லாம் முடிந்ததும் மேற்குத் தெருப் பிள்ளைகள் தட்டுகளைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் செலினிடம் குனிந்து கேட்டார். "இவர்கள் சீர் கொண்டுவந்தவர்கள். திங்கட்கிழமை வருவார்களா? அதுதானே நான் எழுதவேண்டியது?"

செலின் உள்ளே போனாள். மேற்குத் தெருவுக்கென்று வந்து இத்தனை நாள் அலமாரியில் தூசி படிந்து கிடந்த சிலேட்டுகளை மடியோடு அள்ளிக்கொண்டு வந்தாள்.

"சீர்த்தட்ட வெறுந்தட்டாத் திருப்பி அனுப்பப்படாது. இல்லையாய்யா?"

"அனுப்பப்படாது" என்றார் ஒச்சாண்டி.

தட்டுக்கு ஒரு சிலேட்டு, மேலே ஒரு பலப்பம் என்று வைத்துக்கொண்டே போனாள். சுருளியாண்டி தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "சிலேட்டு போர்டுச் சொத்து. ஒடச்சா மாமன் பொறுப்பு. திங்கக்கிழமை காலையில மணி அடிக்கும்போது எல்லாரும் கொண்டுவந்து காட்டணும். செவ்வாக்கிழமையும் காட்டணும்."

ஒச்சாண்டி சிலேட்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பேரன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏலே, மாட்டிக்கிட்டீகடா."

திங்கட்கிழமை மணி டொக்கென்று அடித்தது. தண்டவாளத் துண்டில் மாட்டிய மாலையை யாரும் கழற்றவில்லை. மணைகள் போதாமல் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாமன் என்கிற ஹோதாவில் ஒச்சாண்டி தினமும் ஒரு நடை வந்து, கூரையைப் பார்த்து, ஜக்கம்மாவின் கணக்கைப் பார்த்துப் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் தங்கச்சி பேச்சு மட்டும் டீச்சர் வழியாகத்தான்.

"டீச்சர், அந்தக் கெடாயக் கொண்டுபோகச் சொல்லுங்க. என் அவரக்கொடியப் பூராத் தின்னுருச்சு."

"சீரத் திருப்பி எடுக்கிற பழக்கம் எங்க வம்சத்துல இல்லேன்னு சொல்லுங்க டீச்சர்."

"என் வம்சமும் அதுதான்னு சொல்லுங்க."

செலின் மணி அடிக்கப் போனாள். தேவாரத்தோடு சேர்க்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பங்குனியில் ஒரு சாயங்காலம், வழக்கம்போல வேப்பமரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி, நாளைக்கு அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் இரண்டு தெருவும் ஒற்றுமையாகப் பள்ளிக்கூடம் வரவில்லை.