குயிரோ வரியின் வெற்றுக் கட்டங்கள்

ஓடாலிஸ் இறந்த பிறகு வந்த முதல் பிப்ரவரியில் எங்கள் ஊர் வாத்தியக் குழுவின் புல்லாங்குழல்காரன் டைரோனுக்கு விசா கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். அதற்கு முந்தைய ஞாயிறு பூங்காக் கச்சேரிதான் அவனுக்குக் கடைசி. ஊரில் வேறு புல்லாங்குழல்காரர் இல்லை. புல்லாங்குழல் இல்லாமல் தன்சோன் என்கிற எங்கள் ஜோடி நடன இசையை வாசிக்க முடியாது.

ஓடாலிஸ் என் மனைவி. அந்தக் குழுவில் கிளாரினெட் வாசித்தாள். கடைசி வருடம் ஒரு தன்சோன் எழுதிக்கொண்டிருந்தாள். கணினியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. நான் அதைக் கேட்டதில்லை. முடியட்டும் என்பாள். ஏப்ரலில் டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு ஒருநாள் கரண்ட் திரும்பி வந்தபோது அளவுக்கு மேல் வந்து அவளுடைய கணினியின் டிஸ்க்கை எரித்துவிட்டது. அவள் பாட்டின் கோப்பு ஒரு பென்டிரைவில் மிஞ்சியது. அதைத்தான் குழுத்தலைவி நெர்சா டீச்சரிடம் கொண்டு போனேன். என் மாமனார் எவெலியோவும் கூட வந்தார். அவர் குழுவில் குயிரோ வாசிப்பவர். வரி வரியாகக் கீறிய சுரைக்குடுக்கை, குச்சியால் தேய்ப்பது. நான் இருப்பது அவர் வீட்டில். ஓடாலிஸ் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன்.

கலாசார மன்றத்துக் கணினியில் அதே இசைக்குறி மென்பொருள் இருந்தது. கோப்பு திறந்தது. எல்லா வாத்தியங்களின் வரிகளும் வந்தன. குயிரோ வரி மட்டும் முதலிலிருந்து கடைசிவரை வெறுமை. முடிவுக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் மற்ற எல்லா வாத்தியங்களும் நின்றுவிடுகின்றன. குயிரோவும் வெறுமை என்பதால் அந்த இடத்தில் பக்கம் முழுக்கக் காலிக் கட்டங்கள்.

"பாவம், முடிக்கல, ரெய்னியர்," என்றார் நெர்சா டீச்சர் என்னிடம். "இங்க என்னமோ எழுதலாம்னு விட்டு வெச்சிருக்கா."

"விடுங்க டீச்சர், அந்த எடத்துல நான் எதையாவது சொரண்டிக்கறேன்," என்றார் மாமா. "குடுக்கைதானே. யாருக்குத் தெரியப் போவுது."

அவர் திரையைப் பார்க்காமல் சொன்னார்.

டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. பாதியில் நின்ற பாட்டை ஓடாலிஸ் பெயரைச் சொல்லி வாசிக்க மாட்டேன் என்றார். முழுதாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குக் காகிதம் வரட்டும். இல்லையென்றால் ஞாயிறுக்கு வேறு ஏதாவது பழைய பாட்டு. வெளியே வந்ததும் மாமா சிகரெட் பற்றவைத்தார். அவள் எதையும் பாதியில் விடுகிற பெண் இல்லை என்றார். பிறகு, உடம்பு முடியாதபோது யார்தான் எதைத்தான் முடிப்பார்கள் என்றும் அவரே சொன்னார்.

அந்த வரி வெறுமை இல்லை என்று எனக்குத் தெரியும். குயிரோவுக்கு ஓடாலிஸ் கேட்ட குறிகள் அந்த மென்பொருளில் இல்லை. மாமா குச்சியை ஒரு தடவை பின்பக்கமாக இழுப்பார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அதை எழுத ஒரு குறி வேண்டும் என்றாள். மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. நான் படித்தது கணினிப் பொறியியல். நிரலில் சிறு திருத்தம் எழுதிச் சேர்த்து, அவளுக்காக ஒரு தனிப் பிரதி கம்பைல் செய்து கொடுத்திருந்தேன். அந்தப் பிரதிக்கு மட்டுமே அந்தக் குறிகள் புரியும். அது டிஸ்க்கோடு எரிந்துபோனது. திருத்தம் பென்டிரைவில் இருந்தது. மூல நிரலிலிருந்து மறுபடி கட்டினால் குயிரோ வரி வந்துவிடும். வரும்வரை மாமாவிடம் எதையும் உறுதியாகச் சொல்ல விரும்பவில்லை, கோப்பைச் சரிசெய்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊர் இணையத்தில் இறக்குகிற அளவு அல்ல அந்த மூல நிரல். கணினி மன்றத்தில் வேலை பார்க்கும் ஒஸ்மெல் கையில் எப்போதும் ஒரு பெரிய டிஸ்க் இருக்கும். திறந்த மென்பொருள்களின் களஞ்சியம் முழுவதையும் யாரிடமிருந்தோ பிரதி எடுத்து வைத்திருந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன்.

"உங்க மாமனார் குடுக்கைய சொரண்டறதுக்கு நான் ஆயிரக்கணக்குல ஃபைல் குடுக்கணுமா?"

"குடு."

"சிரிச்சுட்டாவது கேளேன்டா. நீ வந்தா இங்க ஃபேன் கூட நின்னுடுது."

ஃபேன் கரண்ட் இல்லாமல்தான் நின்றிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிஸ்க்கைக் கொடுத்தான்.

வீட்டில் இருந்தது ஒரு பழைய மேசைக் கணினி. தேவையான நிரல் நூலகங்கள் இருக்கின்றனவா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஒன்று இல்லை என்றது. அதை நிறுவினால் அதற்கு வேறொன்று வேண்டுமாம். ஒஸ்மெலின் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒலிக்கான நூலகம் மட்டும் எதற்கும் ஒத்துவரவில்லை. ஒலி வேண்டாம் என்று குறித்துவிட்டு மேலே போனேன். குறிகளைப் பார்க்கலாம், அச்சிடலாம், வாசித்துக் காட்டாது. ஆக இந்த முறையும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

மேக் என்ற கட்டளையைத் தட்டினேன். கோப்புகள் ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாறத் தொடங்கின. திரையின் ஓரத்தில் சதவீதம் ஏறியது. பாதி தாண்டியதும் கரண்ட் போயிற்று.

அதில் பதற்றப்பட ஒன்றுமில்லை. மேக் எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரும். கரண்ட் வந்தது. தெருவில் எல்லா வீடுகளிலும் மின் குக்கர்களில் சோறு ஏறியது. மறுபடி தட்டினேன். பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. மறுபடி போயிற்று. வந்தது. மறுபடியும் பூஜ்யம்.

மாமா கதவருகில் நின்று பார்த்தார். "எங்க இருக்கு?"

"ஆரம்பத்துல."

"நேத்தும் அதத்தான் சொன்ன."

"நேத்தும் ஆரம்பத்துலதான் இருந்துச்சு, மாமா."

"எங்க குழுவுல டிரம்போன்காரன் ஒருத்தன் இப்படித்தான்," என்றார். "தப்பு வந்தா முதல்லேருந்து வாசிப்பான். சாகற வரைக்கும் ஒரு பாட்டோட முடிவ அவன் பாக்கல."

பிறகு காபி வைத்துவிட்டுப் போனார். ரேஷனில் கிடைக்கிற, பாதி வறுத்த பட்டாணிப் பொடி கலந்த காபி.

காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கணினியின் உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது செத்து எவ்வளவோ காலம் ஆகிறது, ஊரில் கிடைக்காது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 2009 ஜனவரிக்குப் போய்விடும். மேக் தேதியைத்தான் பார்க்கிறது. மாற்றிய கோப்புகள் 2009 என்கின்றன. மூலக் கோப்புகள் அதற்குப் பல வருடங்கள் பிந்தியவை. மூலம் பிறகு திருத்தப்பட்டிருக்கிறது, செய்ததெல்லாம் பழையது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்கிறது. அதன் கணக்கில் பிழையில்லை.

கரண்ட் வந்ததும் முதலில் தேதியைக் கையால் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டளையை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தேன். ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் மாற்றி ஓட்டினேன். அதன் பிறகு மேக் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும்போது நின்றது. ஒரு கோப்பு அறுந்திருக்கிறது என்றது. கரண்ட் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. தேதி மட்டும் சரியாக இருந்ததால் மேக் அதை முடிந்ததாக எண்ணித் தாண்டிப் போயிருந்தது. அதை அழித்தேன். திரும்பத் தட்டினேன். இணைந்தது. நிறுவினேன்.

வியாழன் மதியம். ஓடாலிஸின் கோப்பைத் திறந்தேன். குயிரோ வரி நிறைந்திருந்தது. எல்லோரும் நிற்கும் இடத்தில் குயிரோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. குட்டை, குட்டை, நீளம், பின்னிழுப்பு. மாமாவைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கரண்ட் போவதற்குள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அச்சுக்குத் தயாரான பக்கங்களாகப் பிரித்து பென்டிரைவில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினேன். கரண்ட் போயிற்று.

வெள்ளி காலை நெர்சா டீச்சரின் அறையில் அச்சடித்தோம். பழைய கூட்ட அறிக்கைகளின் பின்பக்கத்தில். டோனர் மங்கலாக இருந்தது. டீச்சர் மொத்தப் பிரதியைப் பார்த்தார். அந்த இடத்துக்கு வந்ததும் விரலால் மேசையில் தட்டிப் பார்த்தார். "முடிச்சிருக்கா," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மாலை ஒத்திகை. மாமா தன் காகிதத்தை மடியில் வைத்துக் குச்சியால் தொடையில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

"நான் பின்னாடி இழுக்கறத எழுதி வெச்சிருக்கா," என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம். "கழுத, வீட்ல இருந்தே பாத்து எழுதியிருக்கா."

அப்போது டைரோன் காகிதத்தின் அடி மூலையைப் பார்த்தான். அங்கே பக்கம் பிரித்த தேதி தானாக விழும்படி ஓடாலிஸ் அமைத்திருந்தாள். திருத்திய பிரதியும் பழைய பிரதியும் கலந்துவிடக் கூடாது என்று.

"போன வருஷம் பிப்ரவரின்னு போட்டிருக்கு," என்றான்.

எல்லோரும் தங்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். எனக்கு உடனே புரிந்தது. நான் எழுதிவைத்த கட்டளையில் வருடம் தப்பு. நாளையும் நேரத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றினேன். வருடத்தைத் தொடவே இல்லை. கை தானாகப் போன வருடத்தைப் போட்டிருக்கிறது.

மாமா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மூலையை நெடுநேரம் படித்தார்.

"அப்ப அவ இத முடிச்சு, பக்கம் பக்கமா போட்டுப் பாத்துட்டா," என்றார்.

கணினியின் கடிகாரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஏப்ரலுக்குப் பிறகு அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"பாத்தாளா இல்லயா?"

"பாத்தா, மாமா."

"முழுசா?"

"முழுசா."

"என்ன சொன்னா?"

"குயிரோ வரி நல்லா விழுந்திருக்குன்னா."

அவர் தலையசைத்தார். காகிதத்தை உள்ளங்கையால் நீவினார். அது ஒரு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்தது அவருக்குத் தோன்றியது. தோன்றுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப இத்தன நாளா உங்கிட்டதான் இருந்துச்சு."

அவர் காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அவ முடிக்கலன்னு நான் ஊர்ல எத்தன பேர்கிட்ட சொல்லிட்டு திரிஞ்சேன். நீ கேட்டுட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"அந்த மிஷின் முன்னாடி உக்காந்தது? கரண்டு போச்சு, ஆரம்பத்துல இருக்குன்னது? எல்லாம் எனக்குக் காட்றதுக்கா?"

டைரோன் தரையைப் பார்த்தான். நெர்சா டீச்சருக்குத் தெரியும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாள்தோறும் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். டீச்சர் தன் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார்.

"மொதல்லேருந்து," என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன். கச்சேரிக்கு முன் கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்த இரண்டு நாளும் மாமா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்திருப்பார். காபியும். சோறும் கறுப்பு பீன்ஸும் நான் தனியாகச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல இரண்டு நாளும் நேரம் இருந்தது. சொன்னால் அவர் என்னை மன்னிப்பார். ஆனால் ஓடாலிஸ் அந்தப் பக்கங்களைப் பார்க்காமல் போனவள் ஆகிவிடுவாள்.

ஞாயிறு மாலை பூங்காவில் கூட்டம் குறைவு. கடற்காற்று பலமாக இருந்தது. காகிதங்களைத் துணிக் கிளிப்புகளால் பிடித்துவைத்திருந்தார்கள். நெர்சா டீச்சர் ஓடாலிஸின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் கைதட்டல். தன்சோன் தொடங்கியது. ஆரம்பப் பகுதிக்கு யாரும் ஆடுவதில்லை. ஜோடிகள் கைகோத்து நின்றார்கள். பெண்கள் விசிறிக்கொண்டார்கள். அது இரண்டாம் முறை வந்து முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் அடியை எடுத்துவைத்தார்கள்.

நான் வாதுமை மரத்தடியில் நின்று கேட்டேன். டைரோன் நன்றாக வாசித்தான். இரண்டாம் கிளாரினெட் வரியை யாரும் வாசிக்கவில்லை. அது ஓடாலிஸ் தனக்காக எழுதியது. நான் அதையும் அச்சடித்திருந்தேன். அந்தக் காகிதம் டீச்சரின் மேசையில் கிடந்தது.

அந்த இடம் வந்தது. எல்லா வாத்தியங்களும் நின்றன. மாமா குடுக்கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். குட்டை, குட்டை, நீளம். பின்னிழுப்பு. ஆடுகிறவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். சிலர் அந்தத் தேய்ப்புக்கே ஆடினார்கள். செருப்புகள் சிமெண்டில் தேயும் சத்தம் கூடவே கேட்டது. மாமா காகிதத்தைப் பார்த்துத்தான் வாசித்தார். அவருடைய சொந்தக் கைப்பழக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்து வாசித்தார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்தது.

கேட்டுவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ. ஒன்றும் ஆகவில்லை. கால் வலித்தது.

கூட்டம் கலைந்தது. டைரோன் எல்லோரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றான். மாமா குடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பக்கமாக நடந்துவந்தார். தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார். தன் காகிதத்தை நீட்டினார்.

"இத நீயே வெச்சுக்க. உனக்குத்தான் வெச்சுக்கத் தெரியுமே."

வாங்கிக்கொண்டேன். அவர் நண்பர்களோடு ரம் குடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்தது. தெருவில் யாரோ வந்துருச்சு என்று கத்தினார்கள். கணினி தானாக எழுந்து 2009 ஜனவரி என்றது. நான் எழுதிவைத்த கோப்பைத் திறந்தேன். நாளை மாற்றினேன். நேரத்தை மாற்றினேன். பிறகு வருடத்தையும் சரியாகப் போட்டு, ஓட்டினேன்.