அண்ணன் வீட்டுத் தடுப்புச் சுவர்

நகராட்சியில் அவளுக்கு உதவிப் பொறியாளர் வேலை. மலைச்சரிவில் வீடுகளைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர்களைக் கவனிப்பது அவள் பொறுப்பு. சுவருக்குப் பின்னால் ஊறும் மழைத்தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை அடைத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றிலும் குச்சியை விட்டுக் குடைந்து பார்ப்பாள். அதனால் ஊருக்குள் அவளுக்கு ‘ஓட்டை மேடம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். வீட்டைத் தாங்கி நின்ற இரண்டு ஆள் உயரச் சுவர், புது வெள்ளையில் பளபளத்தது. ஒரு துளையைக்கூடக் காணோம்.

“இருந்த ஓட்டையெல்லாம் எங்கண்ணே?”

“சிமெண்ட் வச்சுப் பூசிட்டேன். சேத்துத் தண்ணி வழிஞ்சு ஒரே கறை. இப்ப பாரு, எப்படி இருக்கு!”

“அழகாத்தான் இருக்கு. தண்ணி எங்க போகும்?”

“உள்ளயே இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன?”

உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. மறுநாள் அவன் பெயருக்கே நோட்டீஸ் போனது. பதினைந்து நாளில் துளைகளைத் திறக்க வேண்டும்.

“கூடப்பிறந்தவனுக்கே நோட்டீசா?” என்று போனில் கத்தியவன், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பத்தாவது நாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலையில் அண்ணி போன் செய்தாள். “முற்றத்துல ஒரு விரிசல். சுண்டுவிரல் நுழையுது. உங்கண்ணன் அதையும் பூசிடலாமான்னு பார்த்துட்டிருக்கார்.”

“யாரும் உள்ள இருக்காதீங்க அண்ணி. இதோ வந்துட்டேன்.”

நான்கு தொழிலாளர்களோடு போய்ச் சேர்ந்தபோது சுவரின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருந்தது. முதல் வேலையாக அண்ணன் வீட்டையும் சுவருக்குக் கீழே இருந்த மூன்று வீடுகளையும் காலி செய்யச் சொன்னாள். இரண்டு வீட்டார் உடனே மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வீட்டுத் தையல்காரர் மட்டும் நகரவில்லை.

“மிஷினை விட்டுட்டு வர முடியாதும்மா. என் வயித்துப் பாடே அதுதான்.”

அண்ணன் அந்தத் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். இத்தனை வருஷம் மேலே குடியிருந்தும் அந்த வீட்டுக்குள் அவன் எட்டிப் பார்த்ததில்லை. சுவருக்கும் அங்கே இருந்த கட்டிலுக்கும் நடுவே, குறுகலான தெருவையும் சேர்த்து நான்கே எட்டுதான். அவன் முகம் செத்துப்போனது. உள்ளே போய் மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். “அந்தப் பக்கம் பிடிங்க. பார்த்து, படி வழுக்குது.”

மதியம் மழை ஓய்ந்தது. சுவருக்கு எதிரே யாரும் போகாதபடி கயிறு கட்டினார்கள். ஓரமாக நின்று, நீளக் கம்பியால் சுவரின் கோடியில் இருந்த துளையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பூச்சை உடைத்தார்கள். செம்மண் தண்ணீர் பீய்ச்சியடித்துத் தெருவின் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

“அம்மாடி! இவ்வளவா உள்ள இருந்துச்சு?” என்றான் அண்ணன். பல நாள் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு.

“நீ சேர்த்து வச்சதுதானே அண்ணே?” என்றாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் தண்ணீரின் வேகம் தணிந்தது. சுவர் விழாமல் நின்றுவிட்டது. ஆனாலும் மண் காய்ந்து, புடைத்த பகுதியை இடித்துக் கட்டும் வரை யாரையும் அவள் திரும்ப விடவில்லை. தையல்காரர் குடும்பத்துக்குத் தன் செலவில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்தான் அண்ணன். முற்றத்தில் போட்டிருந்த சிமெண்ட் தளத்தைப் பெயர்த்துவிட்டு, வேர் ஆழமாக இறங்கும் புதர்களை நட்டான்.

எல்லாரும் வீடு திரும்பிய வாரம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அண்ணி இரண்டாம் முறை சோறு போட்டாள். அண்ணன் மெல்லத் தொண்டையைக் கனைத்தான்.

“ஏம்மா, மாடியில சின்னதா ஒரு ரூம் போட்டா...”

“கூடாது.”

“சும்மா கேட்டு வச்சேன்” என்றான் அண்ணன். “அப்பளம் இன்னொண்ணு வச்சுக்கோ.”