கோடு போட்ட சாவி

அந்த டீச்சரை நான் பதினோரு மாதம் திட்டினேன். ஒரு நாள் விடாமல் திட்டினேன். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் கிளினிக் போய்ச் சேரும் வரை மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாவி வெட்டுகிறவர். பஸ் நிலையத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. ஒரு மெஷின், நாலைந்து அரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். நான் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பவள். உள்ளே டாக்டர் வாயைத் திற என்பார், வெளியே நான் வாயை மூடு என்பேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். சாவியை வெட்டித் துடைத்து, கையில் கொடுப்பதற்கு முன்னால் அதன் தலைப்பக்க விளிம்பில் அரத்தால் ஒரே ஒரு கோடு இழுப்பார். நகத்தால் தடவினால்தான் தெரியும். "சரியா திரும்பலைன்னா கொண்டு வாங்க. இந்தக் கோடு இருந்தா சும்மாவே சரி பண்ணித் தரேன்" என்பார். யார் வெட்டிக்கொண்டார்கள், எந்த வீட்டுக்கு என்று எதையும் எழுதி வைக்க மாட்டார். வந்த ஆளை மறந்துவிடுவார், தன் கோட்டை மட்டும் மறக்க மாட்டார். அந்தக் கோடுதான் அவரை உள்ளே தள்ளியது.

டீச்சர் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறார். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் யாரோ சாவி போட்டுக் கதவைத் திறந்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திருடன் அகப்படவில்லை. சாவி மட்டும் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் அதை எடுத்துக்கொண்டு சாவிக்கடை சாவிக்கடையாக ஏறி இறங்கி, கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றது.

கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தச் சாவியை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து நீட்டினார். "இது நீங்க வெட்டினதா?"

எங்கள் வக்கீல் அம்மா கண்ணால் ஜாடை காட்டினார். பின்பெஞ்சில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனுஷன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, சாவியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் சாவிதாங்க. கோடு இருக்கு. வெட்டும் சுத்தமா இருக்கு" என்றார்.

தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு மூன்று வருஷம் வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். யார் வந்து வெட்டச் சொன்னது என்று கேட்டபோது மட்டும் திருதிருவென்று விழித்தார். அடுத்து டீச்சர் கூண்டில் ஏறினார். "என் வீட்டுக்கு இருக்கிறது ரெண்டே சாவி. ரெண்டும் என்கிட்டதான் இருக்கு. வேற சாவி யாரும் வெட்டலை" என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரிக்கே தெரியாமல் ஒரு சாவி பிறந்திருக்கிறது என்றால் அது திருடனுக்காகத்தான் பிறந்திருக்க வேண்டும். நீதிபதி அப்படித்தான் நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் இருந்தது என் இடத்தில். டீச்சரை மண்ணை வாரித் தூற்றினேன்.

மேல்முறையீடு போட்டோம். "அவரே ஒத்துக்கிட்டாரு அக்கா, நான் என்னத்த வாதாட? புதுசா ஏதாவது கிடைச்சாத்தான் உண்டு" என்றார் வக்கீல் அம்மா. புதுசாக எனக்கு என்ன கிடைக்கும்? விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த வாரம்தான் டீச்சர் எங்கள் கிளினிக்குக்குள் நுழைந்தார். கையில் ஒரு தோல் பை. பேசினால் வேலை போய்விடும் என்று பேசாமல் டோக்கனைக் கொடுத்தேன். ஏழாம் நம்பர். எட்டைக் கூப்பிட்டேன், ஒன்பதைக் கூப்பிட்டேன், பதினான்கு வரை கூப்பிட்டேன். பல்வலிக்காரியைக் காக்க வைப்பது பாவம்தான். அன்றைக்கு அந்தப் பாவத்தை மனசார, ரசித்துச் செய்தேன். அவர் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் வேறு ஆளே இல்லை. "ஏழு!" என்று கத்தினேன். "எந்தப் பல்லு?"

"பல்லு இல்லம்மா. உங்களத்தான் பாக்க வந்தேன். கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்துல குடை ரிப்பேர் பண்றவர் நீங்க இங்க இருப்பீங்கன்னு சொன்னார்."

"கடை பூட்டித்தான் இருக்கும். பூட்ட வச்சது யாரு?"

அவர் பையிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்து என் மேஜையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு ஆண்பிள்ளைக் கண்ணாடி. அதன் கீழே, துடைக்கிற துணிக்குள், ஒரு சாவி.

"தடவிப் பாருங்க" என்றார்.

தடவினேன். நகத்தில் கோடு தட்டியது.

"என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷமாச்சு. இந்தக் கூட்டைத் திறக்க எனக்கு மனசே வரலை. நேத்துத்தான் திறந்தேன். எடுத்துட்டுப் போய்க் கதவுல போட்டேன். வெண்ணெய் மாதிரி திரும்புச்சு." கண்ணாடிக் கூட்டை மூடினார். "கடைசிக் காலத்துல அவருக்கு மறதி. என்கிட்ட மறைச்சார். எங்க போனாலும் சாவியை விட்டுட்டு வருவார், நான் பாடம் எடுப்பேன். என் வாய்க்குப் பயந்து ரெண்டு சாவி வெட்டி வச்சிருக்கார். ஒண்ணு இது. இன்னொண்ணு வாசல்ல மீட்டர் பெட்டிக்குள்ள இருந்திருக்கணும். வெளியே நின்னு அந்தப் பெட்டியையே தடவிக்கிட்டு இருப்பார். கரண்டு பாக்கறார்னு நினைச்சேன். திருடன் அதைத்தான் எடுத்திருக்கான்."

நன்றியா சொன்னேன் அப்போது? "பதினோரு மாசம் கழிச்சுத்தான் திறக்கத் தோணிச்சா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அவர் என் கையைப் பிடிக்கவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. நான் அழுது முடிக்கும் வரை நின்றுவிட்டு, "வக்கீல் வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தச் சாவியைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

விசாரணை நாளில் டீச்சர் மறுபடி கூண்டில் ஏறினார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"போன தடவை வேற சாவி இல்லைன்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே?"

"சொன்னேங்க. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். இல்லைன்னு சொல்லிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்தவ நான். தப்பு என்னுது."

கணவரின் மறதியைப் பற்றியும் கேட்டார்கள். அரசு வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். வீட்டுக்குள் வைத்து மூடியிருந்ததை எல்லாம் டீச்சர் அத்தனை பேர் முன்னால் எடுத்து வைத்தார். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது, கணவர் வெளியே நின்று மீட்டர் பெட்டியைத் தடவியதைச் சொன்னபோது. இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதிபதியே பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரே கை, ஒரே கோடு. ஒன்பதாம் நாள் விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலைதான் வரவில்லை. தினமும் கடையைத் திறப்பார், மெஷினைத் துடைப்பார், யாராவது சாவியை நீட்டினால் "மெஷின் ரிப்பேருங்க" என்பார். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. "அடுத்தவன் வீட்டுச் சாவி நமக்கு எதுக்கு?" என்றார் என்னிடம். நானும் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கோர்ட்டு அவரை விட்டுவிட்டது, அவர் கை அவரை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கடைக்கு வந்து நின்றார். கையில் புதுப் பூட்டுப் பெட்டி. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"இன்னும் அதே பழைய பூட்டுதான். மேல ஒரு தாழ்ப்பாளைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். சாவிக்காரங்கன்னாலே பயமா இருந்துச்சு. நீங்க வந்து மாத்திக் குடுங்க."

"வேற யாரையாவது..." என்று இழுத்தார் இவர்.

"வேற யாரையும் எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர்.

பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மெஷினைப் போட்டார். கை நடுங்கியது, ஒரு சாவி பாழானது. இரண்டாவது தேறியது. துடைத்து நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். திருப்பி நீட்டினார்.

"கோடு எங்க?"

"அது வேண்டாம் டீச்சரம்மா..."

"கோடு இல்லாம நான் வாங்க மாட்டேன். நாளைக்குத் திரும்பலைன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?"

இவர் அரத்தைத் தேடினார். கண்ணுக்கு எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பு. அதற்கப்புறம் கை நடுங்கவில்லை.

மூன்று பேரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம், இவர் பூட்டை மாட்டினார். டீச்சர் மூன்று சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். இரண்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். கோடு போட்டதை என் கையில் வைத்தார்.

"இது உங்க வீட்ல இருக்கட்டும். தனியா இருக்கேன். எனக்கும் மறதி வர்ற வயசுதான்."

என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு பெட்டியில் கருவிகளை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினதையே எடுத்து மறுபடி அடுக்கினார். நான் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பதினோரு மாதமும் வாய் ஓயாதவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "நல்லா இருக்கணும் டீச்சர்" என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

அந்தச் சாவி எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. திங்கட்கிழமை இவர் கடைக்குப் போனார். மெஷின் சரியாகிவிட்டது.