ஐஸ்காரம்மா வீட்டில் கை நனைத்தது

ஐஸ் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வந்த ஐஸ்காரம்மாவுக்கு, எங்கள் ஊர்ச் சாப்பாடு வயிற்றில் இருக்கும்வரைதான் எங்கள் ஊர்ப் பேச்சு வாயில் இருந்தது. சாப்பாடு செரித்ததும் பேச்சும் போய்விடும். அவர் வந்த வாரம் ஐஸ் விலை ஏறி மீன் விலை இறங்கியிருந்ததால் தெருவில் யாருக்கும் வேறு எதிலும் கவனம் இல்லை. இதைக் கண்டுபிடித்தது தெருவில் சோற்றுக்கடை நடத்தும் மெஸ் அக்காதான். வந்த அன்று விரலைக் காட்டிச் சோறும் மீனும் வாங்கித் தலை நிமிராமல் சாப்பிட்டவர், கையைக் கழுவிவிட்டு வந்து, மீன் நன்றாக இருந்தது, ஆனால் முள் எடுப்பதற்குள் சோறு ஆறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி குறை சொன்னார். மறுநாள் காலையில் அதே வாசலில் நின்று மறுபடி விரலைக் காட்டினார். நேற்று அப்படிப் பேசின வாய் இன்று எங்கே போயிற்று என்று மெஸ் அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டதற்கு, அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

எங்கள் ஊருக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதில்லை. அவர்கள் டின்னை உடைத்துத் தின்றுவிட்டு, ஊரைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். ஐஸ்காரம்மா அப்படி இல்லை. எந்தச் சாப்பாடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார். வாழைப்பழம் சாப்பிட்டால் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேச்சு வரும். முட்டையும் ரொட்டியும் காலை ஷிப்ட் பாதிவரை. சோறும் பருப்பும் என்றால் மாலை டீ வரைக்கும் கவலையில்லை. செரிக்கச் செரிக்க முதலில் வினைச்சொற்கள் உதிரும், பிறகு பெயர்கள். கடைசியில் "போதும்" மட்டும் மிஞ்சும். மூட்டை தூக்குகிறவர்கள் குத்துக்காலிட்டுக் கஞ்சி குடிக்கும் இடத்தில் அவரும் குத்துக்காலிட்டார். ரயில்வே கேன்டீன், பள்ளிக்கூட வாசல் சுண்டல் கடை, பேக்கரி என்று எதையும் விடவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் எங்களுக்கே தெரியாத கடைகளுக்கு அந்தம்மா வழி சொன்னார். இதைப் பொறாமையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு அடுப்புக்கும் ஒவ்வொரு பேச்சு. மீன் மார்க்கெட்டில் சாப்பிட்டால் பேரம் பேசுவார். பேக்கரிக்காரர் மனைவிக்குப் பயந்த மனிதர். அவருடைய பன்னைத் தின்றால் ஐஸ்காரம்மாவும் வாக்கியத்துக்கு வாக்கியம் மன்னிப்புக் கேட்பார். தையல்காரரின் மனைவி ஒரு முறை மாமியாரைத் திட்டிக்கொண்டே கீரை கடைந்து கொடுத்தனுப்ப, அந்தக் கீரையைச் சாப்பிட்ட ஐஸ்காரம்மா தெருக்குழாயடியில் அந்த மாமியாரையே பார்த்து, "கெழவிக்கு நாக்கு மட்டும் நாலு முழம்" என்று அன்பாகச் சிரித்தபடி சொல்லிவிட்டார். தையல்காரர் வீட்டில் அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு சமைத்தார்கள், சமையலும் முன்னைவிட நன்றாக வந்தது. தொழிற்சாலையில் ஈரத்தில் நிற்கும் ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கித் தராமல் மேனேஜர் இழுத்தடித்தபோது, ஐஸ்காரம்மா மெஸ் அக்காவின் கையால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேராக அவர் அறைக்குப் போனார். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. வெளியே நின்றவர்களுக்கு மெஸ் அக்காவின் குரல்தான் கேட்டது. ஊரிலேயே பெரிய வாய் மெஸ் அக்காவுக்கு. மறுவாரம் எல்லார் காலிலும் பூட்ஸ். ஐஸ் தொழிற்சாலையில் இருந்துகொண்டு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஒரே ஆள் என்று ஆட்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

தனியாக இருந்த அந்தம்மாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அதை மெஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "ஒடம்பு முடியாம சாப்பிட முடியலைன்னு வைங்கக்கா. அப்ப நான் யாருகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?" நாங்கள் எல்லாரும் எதற்கு இருக்கிறோம், லூசு மாதிரி பேசாதே என்று மெஸ் அக்கா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றைப் போட்டார். சோறு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் எங்கள் தெருவின் எண்ணம். அந்தம்மா வீட்டுக்கு எந்தச் சமையலறையிலிருந்தாவது தூக்குவாளி போகாத நாள் கிடையாது. ஆனால் அவர் வீட்டில் நாங்கள் யாரும் கை நனைத்ததில்லை. பாவம், ஊர்விட்டு ஊர் வந்து தனியாக இருக்கிற பெண், அவருக்கு நாம் சிரமம் கொடுக்கலாமா என்று நினைத்தோம். விடுமுறை நாளில் அவர் தன் நாட்டுப் பக்குவத்தில் பூசணிக்காயும் கடலையும் சேர்த்துப் பெரிய பானையில் கூழ் காய்ச்சிவிட்டுக் கூப்பிடுவார். நாங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவோம். இப்போதுதான் ஆச்சு, வயிற்றில் இடமில்லை என்போம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லி, கொண்டுபோன பலகாரத்தை அவர் கையில் திணித்துவிட்டு வருவோம். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகத்தான் நினைப்பு.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐஸ்காரம்மாவுக்கும் வந்தது. தண்ணீர்கூடத் தங்கவில்லை, எல்லாம் வாந்தி. மதியம் மெஸ் அக்காவும் பேக்கரிக்காரரும் அவரை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஊசி போடச் சொன்னார். நர்ஸ் ஊசியோடும் பெயர் எழுதிய மருந்துக் குப்பியோடும் வந்ததும், அதுவரை துவண்டு கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். யாருக்கும் புரியாத பேச்சில் கத்தினார். தொண்டையைப் பிடித்துக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். தொண்டை வலிக்கிறது போலிருக்கிறது என்றாள் நர்ஸ். ஊசி என்றால் பயம் என்றார் பேக்கரிக்காரர், அவருக்கும் பயம் உண்டு. மெஸ் அக்கா ஒரு ஸ்பூன் கஞ்சியை ஊட்டிப் பார்த்தார். அது உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அந்த ஒரு நொடியில் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். ஊசியை எல்லாரும்தான் வேண்டாம் என்பார்கள். இன்னும் தாமதித்தால் காய்ச்சல் தலைக்கேறிவிடும், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

கையைப் பிடிக்கப் போன மெஸ் அக்கா பாதியில் நின்றார். "நம்ம சோத்துக்கு அவளுக்கு நம்ம பேச்சு வருதுன்னா, அவ சோத்துக்கு எனக்கு அவ பேச்சு வராதா?" என்று பேக்கரிக்காரரிடம் கேட்டார். பேக்கரிக்காரர் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டார். நான் வரும்வரை ஊசி கிட்டே போனால் நடக்கிறதே வேறு என்று டாக்டரை மிரட்டிவிட்டு, மெஸ் அக்கா மழையில் ஓடினார். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. சமையலறையில் முந்தின நாள் எங்களுக்காகக் காய்ச்சிய கூழ், தெருவுக்கே போதுமான கூழ், ஒரு கரண்டிகூட எடுக்காமல் பானையில் ஏடு கட்டிக் கிடந்தது. பக்கத்தில் துடைத்துக் கவிழ்த்த தட்டுகள். மூன்று வருடமாக ஒவ்வொரு விடுமுறை நாளும் இப்படித்தான் தட்டுகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் மெஸ் அக்காவுக்கு உறைத்தது. ஊருக்கே சோறு போடுகிற மனுஷி, நின்றபடியே பானைக்குள் கைவிட்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டதாகப் பிறகு அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே உள்ளே கேட்ட கத்தல் அவருக்குப் புரிந்தது. அந்த மருந்து எனக்கு ஆகாது, என் தம்பி அதைப் போட்டுத்தான் தொண்டை அடைத்துச் செத்தான், எனக்கும் சின்ன வயதில் அதே மாதிரி ஆகித் தப்பினேன், அட மடையர்களே, உங்களில் ஒருத்தருக்காவது காது இல்லையா என்று ஐஸ்காரம்மா கத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் ஏற்கெனவே அவர் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஊசி டாக்டர் கையில் இருந்தது. "அந்த ஊசி அவளுக்கு ஆகாது. போட்டா செத்துருவா," என்றார் மெஸ் அக்கா. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். உடனே வேறு மருந்து எழுதினார்.

பிறகு மெஸ் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அந்தம்மாவின் பேச்சிலேயே, பயப்படாதே, சொல்லிவிட்டேன் என்றார். ஐஸ்காரம்மா அவர் வாயையே பார்த்தார். மூன்று வருடத்தில் அந்த ஊரில் ஒரு மனுஷர் தன் மொழியில் தன்னிடம் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் கேட்டது இதுதான்: "உப்பு சரியா இருந்துச்சா?" கொஞ்சம் கம்மி என்று மெஸ் அக்கா உள்ளதைச் சொன்னார். சாகக் கிடந்தவர் அதற்குப் பதிலாகச் சொன்னதைக் கேட்டு மெஸ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகவும், வார்டே திரும்பிப் பார்த்ததாகவும் பேக்கரிக்காரர் சொல்கிறார். என்ன சொன்னார் என்று தெருவில் கேட்டதற்கு மெஸ் அக்காவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை, அதற்குள் கூழ் செரித்துவிட்டது. ஆனால் ஒன்று சொன்னார்.

"மூணு வருஷமா அவ வாயில நாம கேட்டது பூரா நம்ம பேச்சுதான். அவ பேச்சு வேற. அவ நம்ம எல்லாரையும் விட வாயாடி."

அந்தம்மா பிழைத்து எழுந்து வேலைக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பித்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவே அவர் வீட்டில் சாப்பிடுகிறது. நாலு முழ நாக்கு என்று பேர் வாங்கிய தையல்காரரின் தாயார்தான் முதல் பந்தி, வசவுகளைக் கற்றுக்கொள்வதில் அவருக்குத்தான் ஆர்வம் அதிகம். உப்பு இன்னமும் கம்மிதான், யாரும் சொல்வதில்லை. மாலை வரைக்கும் தெருவில் அந்தப் பேச்சுதான் ஓடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திகைத்தால், பேச்சை நிறுத்த மனமில்லாமல், சாயங்காலம் வாருங்கள் என்று சைகை காட்டி அனுப்பிவிடுகிறோம். அந்தம்மா பேசப் பேச நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறோம். திங்கட்கிழமை காலையில் எதற்குச் சிரித்தோம் என்று ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை, விலா மட்டும் வலிக்கிறது.